பொய்யாமையும் நம்பிக்கையும்

அறிவுத்திறன் வளர்ச்சி குறைந்த முப்பது வயது மகனிடம், "நாளை மேல்சித்தாமூர்த் தேர்விழாவிற்கு அழைத்துச் செல்வோம்" என்று கூறிவிட்டு, அவன் உறங்குகையில் புறப்பட்டுவிடும் இல்லங்கள் உண்டு. அவனுக்கென்ன தெரியும் என்கிறோம். நன்கு தெரியும், மறுநாள் அவன் உணவை மறுத்தால், அதனைப் பிடிவாதம் என்கிறோம். பொய்யாமை அணுவிரதம் கேட்போரின் அறிவளவைப் பார்த்து விலக்கு அளிப்பதன்று.

இயலாதெனில் இயலாது என்றே கூறுவோம். அன்றைய நிகழ்வுகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டலாம்: நீராடல், ஜினாலய தரிசனம், கதிர் மறையுமுன் உணவு. மாற்றம் நேரின் முன்னரே உரைத்தல் வேண்டும். வினவியபின் பத்து எண்ணும் வரையேனும் காத்திருப்போம். அவனுக்காக நாமே விடையிறுப்பது பெருங்கேடு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையை, இருவரின் பரஸ்பரப் புரிதலாலும் நம்பிக்கையாலும் அமையும் கூட்டு முடிவு என்றே விளக்குகிறது. பெரிய முடிவுகள் வருமுன், இன்று எந்தச் சட்டையை உடுப்பதென்று அவனிடமே கேட்டுத் தொடங்கலாம்.