அடகு வைத்த பொன்னும் வாங்கிய பொன்னும்

1944ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்னும் மலையூரில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். போரினாற் சீர்குலைந்த உலக வாணிகத்தை ஒழுங்குபடுத்துவதே அவர்தம் நோக்கம். பன்னாட்டுப் பண நிதியமும் உலக வங்கியும் அங்கே உருப்பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தியாவும் ஒரு குழுவை அனுப்பியது. கோவையிற் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் அக்குழுவில் ஒருவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவரும் அவரே.

பொதுத் தேர்தலில் செல்வர்க்கும் வறியர்க்கும் வாக்கு ஒன்றே. நிதியத்தில் அவ்வாறன்று; செலுத்தும் பங்கிற்கு ஏற்பவே வாக்கு அமையும். சோவியத்து நாடு சேராமையால், தொடக்கத்தில் இந்தியா பங்கு வரிசையில் ஐந்தாம் இடம் பெற்றது.

அந்நிதியத்தை நாடிக் கடன் கேட்கும் நிலை 1991இல் இந்தியாவுக்கு நேர்ந்தது. முந்திய ஆண்டில் குவைத்தில் மூண்ட பூசலால் எண்ணெய் விலை ஏறிற்று. அன்னியச் செலாவணியோ சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிற்று. வேறு வழியின்றி, ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னைப் பம்பாயிலிருந்து வானூர்திகளில் இலண்டனுக்கு அனுப்பி, அதனை ஈடாக வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் பெற்றது. தாலியை அடகு வைத்த குடும்பம் எவ்வாறு நாணுமோ, அவ்வாறே நாடு நாணியது. ஆயினும், வாங்கிய கடனுக்குத் தவணை தவறாத நாடு என்னும் பெயரைக் காத்ததும் அப்பொன்னே அன்றோ!

பின்னர்த் தொழில் உரிமக் கட்டுகள் தளர்ந்தன, ஏற்றுமதி பெருகிற்று, கணிப்பொறிப் பணியால் வருவாய் வளர்ந்தது. 2000இல் நிதியத்தின் கடன் முற்றும் தீர்ந்தது. 2003 முதல் நிதியத்தின் வழியே பிற நாடுகளுக்குப் பொருள் உதவும் நிலையை இந்தியா எய்தியது. 2009இல் நிதியம் தன் பொன்னில் ஒரு பகுதியை விற்க முன்வந்தபோது, 200 டன்னை 670 கோடி டாலருக்கு வாங்கியது, முன்னர்ப் பொன்னை அடகு வைத்த அதே ரிசர்வ் வங்கிதான்.

2014இல் பிரேசில், உருசியா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் சமபங்கிட்டுப் புதிய வளர்ச்சி வங்கி ஒன்றை நிறுவ உடன்பட்டன. அதன் முதல் தலைவர் இந்தியரான கே. வி. காமத்.

பழைய நிதியத்திலோ மாற்றம் மெல்லவே நிகழ்கிறது. பங்கு மாற்றம் போன்ற பெருந்தீர்மானங்களுக்கு அங்கே 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்துள்ள அமெரிக்கா தனித்து நின்றே அவற்றைத் தடுக்க வல்லது. இந்தியாவின் வாக்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தாலும் அதற்குக் கிடைத்தது எட்டாம் இடமே. அடிமை நாடாக இருந்த நாளில் அமர்ந்த ஐந்தாம் இடம் இன்னும் கைக்கு வரவில்லை.