நெடுவழியோட்டமும் வழியின் தகுதியும்

ஓட்டத்தில் முந்தியவன் யாவன் என்று அறிதல் எளிது. ஒரே நாளில் ஒரே வழியில் பலர் கூடி ஓடுவாராயின், எல்லைக்கோட்டை முதலிற் கடந்தவனே வென்றவன். அதனைத் துணிதற்கு அளவுகோலும் வேண்டா, கடிகாரமும் வேண்டா. சாதனை என்பதோ அவ்வாறு எளிதில் துணியத்தக்கதன்று. ஒருவரையொருவர் கண்டறியாத இருவர், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆண்டில் ஓடிய ஓட்டங்களை ஒரே தராசிலிட்டு நிறுப்பதே சாதனைக் கணக்காகும். அங்ஙனம் நிறுக்க வேண்டின், இருவரும் ஓடிய தொலைவு ஒன்றே என்பதும், வழியானது எவர்க்கும் மிகையாகத் துணைசெய்யவில்லை என்பதும் முன்னரே தெளியப்படல் வேண்டும். ஆகவே காலத்தை அளந்தாற் போதாது; வழியையும் அளத்தல் வேண்டும். இவ்வழியளவையின் இயல்பையும், அது நம் காவிரி நாட்டுச் சாலைகளுக்குப் பொருந்துமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஓட்டக்களத்தில் இத்தொல்லை இல்லை. 400 மீட்டர் வட்டம் எவ்வூரிலும் 400 மீட்டரே, தரையும் சமனானது. சாலையோ மேடும் பள்ளமும் வளைவும் உடையது. அதன்மேல் வீசும் காற்றும் ஊருக்கு ஊர் வேறு. இது கருதியே நெடுங்காலம் சாலையோட்டத்தில் ‘உலகச் சாதனை’ என்னும் பெயர் முறையாக வழங்கவில்லை. ‘உலகிற் சிறந்த காலம்’ என்றே குறித்துவந்தனர். 2004-ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியிலிருந்தே அகில உலகத் தடகளச் சம்மேளனம் சாலையோட்டங்களிலும் உலகச் சாதனைகளை ஏற்று எழுதத் தொடங்கிற்று. அதற்கென அது வழிக்கு விதித்த தகுதிகளுள் தலையாயவை மூன்று.

முதலாவது, தொலைவு குறைதலாகாது. மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இதனை மோட்டார் வண்டியின் மானியால் அளத்தல் ஏற்புடையதன்று. நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் 422 மீட்டர் தவறிப்போம். ஆதலின் மிதிவண்டியே அளவைக் கருவியாயிற்று. முன்சக்கரத்தின் அச்சில் சிறியதோர் எண்ணுகருவியைப் பொருத்துவர். சக்கரத்தின் ஒரு சுற்றையும் அது பல கூறுகளாக்கி எண்ணும். முதலில், எஃகு நாடாவால் அளந்த நேர்வழியொன்றில் நான்கு முறை வண்டியைச் செலுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று காண்பர். பின்னர், ஓடுவோர் செல்லத்தக்க மிகக் குறுகிய வழியிலே, வளைவுகளில் ஓரக்கல்லினின்று 30 சென்டிமீட்டர் விலகி, வழி முழுவதையும் அளப்பர். அளந்து முடித்தபின் முன்னைய நேர்வழியில் மீண்டும் நான்கு முறை ஓட்டிப் பார்ப்பர். வெயில் ஏற ஏறச் சக்கரத்தினுட் காற்று விரிந்து எண் மாறும் என்பதே இதன் காரணம். இத்துணை செய்தும் மனம் அமையாமல், ஆயிரத்திற்கு ஒன்று வீதம் தொலைவைக் கூட்டியே வழியை அமைப்பர். மராத்தானுக்கு இக்கூடுதல் 42 மீட்டர். நெல் அளப்பவன் குறைச்சொல் வாராதபடி மேலும் ஒரு கை அள்ளிப் போடுவது போன்றது இது.

இந்நுணுக்கம் வீணன்று. 1981-ல் நியூயார்க் நகரில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிஷம் 13 விநாடியில் மராத்தானை ஓடி முடித்தார். அதுகாறும் சிறந்ததெனப்பட்ட டெரக் கிளேட்டனின் காலத்தினும் அது 20 விநாடி குறைவு. உலகம் அதனைக் கொண்டாடிற்று. சில ஆண்டுகள் கழித்து அவ்வழியை மீண்டும் அளந்தபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைந்திருக்கக் கண்டனர். அவர் ஓடிய வேகத்தில் 150 மீட்டர் என்பது 27 விநாடி. வென்ற அளவினும் வழியின் குறைவு பெரிதாயிற்று. ஓடியவர் செய்த பிழை யாதொன்றுமில்லை. எனினும் சாதனை அவர் கையினின்று நழுவிற்று.

இரண்டாவது தகுதி சரிவு பற்றியது. தொடங்குமிடத்தினும் முடியுமிடம் தாழ்ந்திருக்குமாயின், அத்தாழ்வு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேற்படலாகாது. அஃதாவது மராத்தானில் 42 மீட்டர் வரை தாழலாம். மூன்றாவது தகுதி, தொடங்குமிடத்திற்கும் முடியுமிடத்திற்கும் உள்ள நேர்த்தொலைவு ஓட்டத்தொலைவிற் பாதிக்கு மேற்படலாகாது என்பது. ஒரே திசைநோக்கி ஓடுபவனைப் பின்காற்று வழிநெடுகத் தள்ளிச் செல்லக்கூடும். சென்று திரும்புபவனுக்கோ, போம்போது உதவிய காற்று வரும்போது எதிர்க்கும். காற்றின் உதவியைக் கட்டுப்படுத்தவே இவ்விதி எழுந்தது.

இவ்விரு விதிகளின் வன்மையை உலகறியச் செய்தது பாஸ்டன் நகரத்து ஓட்டம். 1897 முதல் நடைபெற்றுவரும் பழம்பெருமை வாய்ந்தது அது. மேற்கே ஹாப்கின்டனில் தொடங்கிக் கிழக்கே பாஸ்டனில் முடிவது; இடையே ஏற்றங்கள் பல உளவாயினும், முடிவில் ஏறத்தாழ 140 மீட்டர் தாழ்கிறது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, பின்காற்று நன்கு வீசிய நாளில், கென்ய நாட்டு ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிஷம் 2 விநாடியில் அவ்வழியை ஓடி முடித்தார். அன்றைய உலகச் சாதனை ஹைலே கெப்ரசெலாசியின் 2 மணி 3 நிமிஷம் 59 விநாடி. அதனினும் 57 விநாடி குறைந்திருந்தும், வழிக்குத் தகுதியின்மையால் முட்டாயின் காலம் சாதனையாக ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பெர்லினில் பாட்ரிக் மக்காவ் ஓடிய 2 மணி 3 நிமிஷம் 38 விநாடியே உலகச் சாதனையாக எழுதப்பட்டது. முட்டாயின் ஆற்றலை எவரும் மறுத்திலர். பாஸ்டனின் வெற்றிமுடி அவரதே. மறுக்கப்பட்டது ஒப்பீடு மட்டுமே.

வழி தகுதியுடையதாயினும் அது மட்டும் போதாது என்பதும் நோக்கத்தக்கது. 2019 அக்டோபர் 12-ந் தேதி வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் இத்தொலைவைக் கடந்தார். ஆயினும் அது பலரும் கலந்துகொண்ட போட்டியன்று. துணையோட்டக்காரர் முறைமாறி இடையிடையே புகுந்து அவருக்குக் காற்றை மறைத்து ஓடினர். ஆகவே அதுவும் சாதனைப் பட்டியலிற் சேரவில்லை.

இனி நம் நாட்டை நோக்குவோம். தஞ்சையிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; மராத்தானுக்கென்றே வாய்த்தது போலத் தோன்றும். எனினும் இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள நேர்த்தொலைவு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. விதி அனுமதிப்பதோ 21 கிலோமீட்டர் சொச்சம். சரிவோ கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் வாய்க்கால் நீர் கிழக்கே ஓடுவதைக் காணும் உழவன் அதனை அறிவான். ஆடி மாதத்தில் மேல்காற்றும் அத்திசை நோக்கியே வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமென்றால், ஓடுபவனை அது தள்ளாதோ? ஆதலின் இவ்வழியிற் பந்தயம் நடத்தலாம். சாதனை எழுதுதல் இயலாது. மாறாக, தஞ்சையிலிருந்து திருவையாற்றுச் சாலையில் 10 கிலோமீட்டர் 549 மீட்டர் சென்று அவ்வழியே திரும்பினால் அரை மராத்தான் நிறைவெய்தும். தொடக்கமும் முடிவும் ஓரிடமாதலின் சரிவும் இல்லை, பிரிவும் இல்லை. ஆற்றுப் பாலங்கள்தோறும் ஏறியிறங்கும் வருத்தம் ஓடுபவனுக்கு உண்டு. வழியின் தகுதிக்கு அதனால் குறைவில்லை.

அளவையில் நம் ஊர் பிறர்க்குப் பிற்பட்டதுமன்று. ஏறத்தாழ 1001-ல் முதலாம் இராஜராஜன் சோழநாட்டு நிலங்களை அளப்பித்தான். வேலி, மா, காணி, முந்திரி என இறங்கிக் கீழ்முந்திரி வரையிலும் நிலத்தின் கூறுகளைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். அம்மண்ணில் இன்று பந்தயம் நடத்துவோர் ‘ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்’ என்று அமைதல் தகுமோ?

இது வெறும் கணக்குப் பிணக்கன்று. வைகறையில் ஆற்றங்கரையில் ஓடிப் பயிலும் மாணவனொருவனை எண்ணுக. குறைந்த வழியில் ஓடியவன், தன் ஆற்றலை மிகையாக மதித்துப் பின்னர் அளந்த வழியில் ஓடுங்கால், தான் தளர்ந்துவிட்டதாக எண்ணி மனமுடைவான். நீண்ட வழியில் ஓடியவனோ, தன் தகுதியைத் தானும் அறியான். அவனைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரும் அறியார். 1978-ல் ஜலந்தரில் சிவநாத் சிங் ஓடிய 2 மணி 12 நிமிஷம் என்னும் காலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியச் சாதனையாக நிலைபெற்றிருந்தது. அத்தகைய காலத்தை நோக்கி ஓடும் இளைஞனுக்கு, தான் எவ்வளவு அண்மையில் உள்ளான் என்பதை மெய்யாகச் சொல்லவல்லது அளந்த வழி ஒன்றே.

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், பந்தயத்தில் முடிசூடுதலைப் பேசுமிடத்து அதன் முறைமையையும் உடன்வைத்தே பேசுகின்றார். முறைமை ஓடுவோனுக்கு மட்டும் உரியதன்று. ஓட்டத்தை நடத்துவோர்க்கும் உரியது. ஒரு மிதிவண்டியும், ஓர் எஃகு நாடாவும், ஓர் எண்ணுகருவியும், இரண்டு நாள் உழைப்புமே இதற்கு வேண்டுவன. நம் கல்லூரி மாணவர் அடுத்த ஆண்டு விழாவிற்கு முன்னர் ஒரு வழியை இவ்வாறு அளந்து, தொடங்குமிடத்தும் திரும்புமிடத்தும் ஆணியறைந்து வைப்பாராயின், நமக்குப் பின் வருவோர் நம்மோடு நேர்மையாக ஓடிப்பார்க்க அது வழியாகும்.