இளையோர்க்குக் கால்பந்து கற்பித்தல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

ஒரு பந்தும் ஒரு வெற்றுத் திடலும் இருந்தால் போதும், கால்பந்து ஆடிவிடலாம். ஏழைச் சிறுவனும் எளிதில் ஆடக்கூடிய விளையாட்டாக இருப்பதே அதன் பெருமை. ஆயினும் ஆடுவது வேறு. கற்று ஆடுவது வேறு. பத்து வயதுச் சிறுவர்கள் ஆடுவதைச் சற்று நின்று கவனித்தால் இவ்வேறுபாடு விளங்கும். பந்து எங்கே உருளுகிறதோ அங்கே இருபது பேரும் ஓடுகிறார்கள். திடலின் முக்கால் பங்கு காலியாகக் கிடக்கிறது. வெளியே நிற்கும் பெரியவர், “ஓங்கி உதை!” என்று கூவுகிறார். எவன் மிகத் தொலைவுக்கு உதைக்கிறானோ அவனே சிறந்த ஆட்டக்காரன் எனப் பெயர் பெறுகிறான்.

இப்படி வளர்ந்த சிறுவன் பதினெட்டு வயதில் கல்லூரித் திடலுக்கு வரும்போது அவனுக்கு ஓடத் தெரிகிறது, உதைக்கத் தெரிகிறது, ஆனால் பார்க்கத் தெரிவதில்லை. இக்குறை அவனுடையதன்று. உரிய வயதில் கற்பிப்பார் இல்லாமையே காரணம்.

நம்முள் பலர் நாளை ஆசிரியர்களாக ஊர்ப்புறப் பள்ளிகளுக்குச் செல்ல இருக்கிறோம். மாலை மணி அடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு சிறுவர்களோடு திடலுக்குச் செல்ல வேண்டியவர் அங்கே கணக்கு ஆசிரியராகவோ அறிவியல் ஆசிரியராகவோ இருக்கக்கூடும். எனவே கால்பந்தைக் கற்பிக்கும் முறையை விளையாட்டு வீரர்கள் மட்டுமன்றி நாம் அனைவருமே அறிந்திருத்தல் நலம்.

திறனும் உத்தியும்

கால்பந்துப் பயிற்சியில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று திறன், மற்றொன்று உத்தி. பந்தைக் கடத்துதல், அடக்குதல், உருட்டிச் செல்லுதல், கோலை நோக்கி அடித்தல் ஆகியவை திறன்கள். எப்போது கடத்துவது, யாருக்குக் கடத்துவது, பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்பது என்பவை உத்தி. திறன் கால்களுக்கு உரியது. உத்தி கண்களுக்கும் அறிவுக்கும் உரியது.

எழுத்தறியாதவனுக்கு இலக்கணம் கற்பிக்க இயலாது. அதுபோலவே பந்தை அடக்கத் தெரியாதவனுக்கு உத்தியைக் கற்பிப்பதில் பயனில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை பந்தோடு பழகுதல். அதன்பின் இருவர், மூவர், நால்வராகக் கூடி ஆடுதல். பதினைந்து வயதை ஒட்டிப் பதினொருவர் அணியின் அமைப்பைக் கற்றல். இவ்வரிசை தலைகீழானால் சிறுவன் தன் இடத்தின் பெயரை மட்டும் அறிவான். அங்கே நின்று செய்ய வேண்டியதை அறியான்.

அடிப்படைத் திறன்கள்

முதலில் கற்பிக்க வேண்டியது பாதத்தின் உட்புறத்தால் பந்தைக் கடத்துதல். கால் விரல் நுனியால் உதைக்கும் பந்து எத்திசையில் செல்லும் என்று சொல்ல முடியாது. பாதத்தின் உட்புறமோ அகன்ற பரப்பு. ஆகவே திசை தவறுவது குறைவு. ஊன்றிய கால் பந்தின் பக்கவாட்டில், செல்ல வேண்டிய திசையைப் பார்த்து இருத்தல் வேண்டும். இவ்வளவே பாடம். ஆனால் இதை நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வேண்டும்.

அடுத்தது பந்தை அடக்குதல். விரைந்து வரும் பந்தைக் காலை விறைப்பாக நீட்டித் தடுத்தால் அது எகிறி எதிரியிடம் போகிறது. பந்து காலைத் தொடும் கணத்தில் காலைச் சற்றே பின்னுக்கு இழுத்தால் அது காலடியிலேயே அமைதியாக நிற்கிறது. இதன் காரணத்தை இயற்பியல் கூறும். பந்தின் எடை ஏறத்தாழ 430 கிராம். அது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அதை நிறுத்தினால் காலுக்கும் பந்துக்கும் இடையே எழும் சராசரி விசை 430 நியூட்டன். காலை இழுத்து வாங்கி அந்நேரத்தை ஐந்து மடங்கு ஆக்கினால் விசை 86 நியூட்டனாகக் குறைகிறது. கிரிக்கெட்டில் பந்து பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு வாங்குவதும் இதே விதியின்படிதான்.

மூன்றாவது, பந்தைக் காலோடு உருட்டிச் செல்லுதல். இதில் கண்ணுக்கே முதற் பயிற்சி வேண்டும். குனிந்த தலையோடு ஓடுபவன் பந்தை மட்டும் காண்கிறான், தோழனைக் காண்பதில்லை. பயிற்சியாளர் எதிரே நின்று விரல்களை உயர்த்திக் காட்ட, பந்தை உருட்டிக்கொண்டே எத்தனை விரல் என்று சிறுவன் சொல்லுதல் எளிய பயிற்சி; செலவில்லாத பயிற்சியும் ஆகும்.

தலையால் முட்டுதல் குறித்து இன்று புதிய எச்சரிக்கை பிறந்துள்ளது. வளரும் மூளைக்கு அதனால் தீங்கு நேரலாம் என்ற கவலையால் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015 ஆம் ஆண்டில் பத்து வயதுக்கு உட்பட்டோர் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. 2020 ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அது வேண்டாம் என அறிவுறுத்தியது. பந்தின் அளவும் வயதுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். பெரியவர்கள் ஆடுவது ஐந்தாம் எண் பந்து. எட்டு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு நான்காம் எண் பந்தே ஏற்றது.

சிறு அணி ஆட்டம்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மணி நேரப் பயிற்சியில் 22 சிறுவர்கள் ஒரே பந்தை வைத்துப் பதினொருவர் ஆட்டம் ஆடுகிறார்கள். அந்த 60 நிமிடமும் பந்து யாரேனும் ஒருவர் காலில் இருப்பதாகவே கொண்டாலும் ஒருவனுக்குச் சராசரியாகக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் வலியவன் எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வான். ஓரத்தில் நிற்கும் மெலிந்த சிறுவனுக்குப் பந்து ஒருமுறைகூட வராமற் போகும். அதே சிறுவர்களை நால்வர்க்கு நால்வர் எனப் பிரித்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பந்து கொடுத்தால் ஒருவனுக்கு ஏழரை நிமிடம் கிடைக்கிறது. இங்கே ஒளிந்துகொள்ளவும் முடியாது, ஒதுக்கப்படவும் முடியாது. இன்று பல நாடுகளில் சிறுவர்க்குச் சிறு அணி ஆட்டமே விதியாக இருப்பதன் காரணம் இதுதான்.

இதற்கு முன்படியாக அமைவது வட்டப் பயிற்சி. ஐந்தாறு பேர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவில் நிற்கும் ஒருவரோ இருவரோ அதைப் பறிக்க முயல வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்குச் செல்வான். ஹாலந்து நாட்டு வீரர் யோகன் கிரைஃப் 1988 முதல் 1996 வரை பார்சிலோனா அணியின் பயிற்சியாளராக இருந்தபோது இவ்வட்டப் பயிற்சிக்குப் பெரிதும் இடம் கொடுத்தார். கடத்தல், அடக்கல், நோக்கல், முடிவெடுத்தல் ஆகிய நான்கும் இதில் ஒருங்கே அடங்கியுள்ளன.

உத்தியின் தொடக்கம்: முக்கோணம்

உத்தி என்றதும் 4–3–3, 4–4–2 என எண்களைக் கரும்பலகையில் எழுதத் தொடங்குவோர் உண்டு. சிறுவர்க்கு அது வேண்டியதில்லை. ஒரு முக்கோணம் போதும். பந்து வைத்திருப்பவனுக்கு இரு புறமும் சாய்வான கோணத்தில் இரு தோழர்கள் நின்றால் அவனுக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. எதிரே வரும் ஒருவன் ஒரு வழியையே அடைக்க முடியும். மூவரும் ஒரே நேர்கோட்டில் நின்றால் அந்த ஒருவனே இரு வழியையும் அடைத்துவிடுவான். பந்து இடம் மாறுந்தோறும் முக்கோணமும் புதிதாக அமைய வேண்டும். ஆகவே பந்தைக் கொடுத்தவன் கொடுத்ததோடு நின்றுவிடலாகாது. கொடுத்துவிட்டு நகர வேண்டும்.

பந்து மனிதனை விட விரைவாகச் செல்லும்; அதற்குக் களைப்பும் இல்லை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடத்திய பந்து 20 மீட்டரை ஏறத்தாழ இரண்டு நொடியில் கடக்கும். பந்தை உருட்டிக்கொண்டு அத்தொலைவை ஓடும் சிறுவனுக்கு நான்கு நொடியாவது வேண்டும். இவ்வுண்மையைச் சொல்லால் உணர்த்துவதை விட, ஒருவனை ஓடவிட்டு மற்றொருவனைப் பந்தைக் கடத்தச் சொல்லிப் போட்டி வைத்துக் காட்டுவது நன்று.

கோல் காவலனுக்கும் வடிவியல் துணை செய்யும். கோலின் அகலம் 7.32 மீட்டர். எதிரி தனியே பந்துடன் 11 மீட்டர் தொலைவில், நேர் எதிரே வருகிறான் என்று கொள்வோம். காவலன் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் அகலம் முழுவதையும் காக்க வேண்டும். பாதித் தொலைவு முன்னே வந்தால், ஒத்த முக்கோண விதிப்படி, காக்க வேண்டிய அகலம் 3.66 மீட்டராகிவிடுகிறது. ஆனால் முன்னே வந்தவனின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடிக்கலாம். எப்போது வருவது, எப்போது நிற்பது என்பதே அவன் கற்க வேண்டிய உத்தி.

ஐதராபாத் தந்த ஆசான்

சிறுவர்க்குக் கற்பிப்பதில் நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தார். அவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் 1963 இல் மறையும் வரை இந்திய அணியின் பயிற்சியாளராக விளங்கினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 எனத் தோற்றது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. நான்காம் இடத்தையும் பெற்றது. 1962 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என வீழ்த்தித் தங்கம் வென்றது. முதல் சுற்றில் அதே கொரியாவிடம் 0–2 எனத் தோற்றிருந்த அணி அது.

இவ்வெற்றிகளின் வேர் ஐதராபாத்தின் சிறுவர் திடல்களில் இருந்தது. இளைஞர்களுக்காக ரஹீம் இருவகைப் போட்டிகளை நடத்தினார். ஒன்றில், பந்தை உருட்டிச் சென்று எதிரியை ஏமாற்றுதல் கூடாது. கடத்தியே ஆட வேண்டும். மற்றொன்றில், பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும். எவ்வளவு எளிய ஏற்பாடு! கட்டளை ஒன்றுமில்லை, அறிவுரை ஒன்றுமில்லை. விதியை மாற்றினார், விதியே ஆசிரியராயிற்று. முதற்போட்டி தோழனைத் தேடும் கண்ணைத் தந்தது. இரண்டாவது சோம்பிக் கிடந்த காலை எழுப்பியது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ரஹீமின் அணியில் இருந்த தமிழக வீரர் சைமன் சுந்தரராஜ், 1973 இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பயிற்சியாளராக இருந்தார். நன்கு கற்றவர் கற்பிப்பவராகவும் ஆவது இவ்வாறுதான்.

யாரை விலக்குகிறோம்?

இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே. பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் உயரமும் வலிவும் உள்ளவனே எடுக்கப்படுகிறான். கோப்பை வேண்டும், அதுவும் இந்த ஆண்டே வேண்டும். பதின்மூன்று வயதில் மீசை அரும்பிய சிறுவன் முட்டி மோதி வெற்றி தேடித் தருகிறான். சிறிய உருவமுள்ளவன் பந்து பொறுக்கிப் போடும் வேலைக்கு அனுப்பப்படுகிறான். சில நாளில் திடலுக்கு வருவதையே விட்டுவிடுகிறான்.

ஜனவரி முதல் நாளை வயது எல்லையாகக் கொண்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி. எல்லை நாளை ஒட்டி முன்னே பிறந்தவர்களே இளையோர் அணிகளில் மிகுதியாக இடம்பெறுகின்றனர் என்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அங்கே தேர்வு பெறுவது பெரும்பாலும் திறமையன்று, பிறந்த மாதம்.

2010 ஆம் ஆண்டின் உலகச் சிறந்த வீரருக்கான தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி ஆகிய மூவரும் பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். மூவரும் ஏறத்தாழ 170 செ.மீ. உயரமே உள்ளவர்கள். பதின்மூன்று வயதில் மெஸ்ஸிக்கு வளர்ச்சிக் குறைபாட்டுக்கான மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. உயரத்தை அளந்து ஆள் எடுத்திருந்தால் அம்மூவரையும் உலகம் கண்டிருக்குமா?

சிறுமியரையும் இங்கே மறத்தலாகாது. 2018 இலும் 2023 இலும் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றுள்ளது. ஆயினும் எத்தனை பள்ளிகளில் மாலைத் திடல் சிறுவர்க்கு மட்டுமே உரியதாக உள்ளது!

ஒரு மாலைப் பயிற்சி

24 பேர், மூன்று பந்து, 75 நிமிடம் என்ற நிலையில் பின்வரும் முறையைக் கையாளலாம்.

1. முதல் 10 நிமிடம்: மெல்லோட்டம், ஓடிக்கொண்டே பந்தைக் கடத்துதல்.
2. அடுத்த 15 நிமிடம்: ஒரே ஒரு திறன். இன்று அடக்குதல் என்றால் அடக்குதல் மட்டுமே.
3. அடுத்த 15 நிமிடம்: எட்டு எட்டுப் பேராக வட்டப் பயிற்சி.
4. அடுத்த 25 நிமிடம்: நால்வர்க்கு நால்வர், மூன்று சிறு திடல்களில். செங்கல் இரண்டு வைத்தால் கோல் ஆயிற்று. சில நாட்களில் இடக்கால் மட்டும், சில நாட்களில் இருமுறைக்கு மேல் பந்தைத் தொடலாகாது என விதியை மாற்றலாம்.
5. கடைசி 10 நிமிடம்: இளைப்பாறல். “உன் தோழன் எங்கே நின்றிருந்தான்? வேறு வழி இருந்ததா?” எனக் கேட்டுச் சிறுவர்களையே பேசவிடுதல்.

ஆட்டத்தின் நடுவே ஓயாமல் கூவுதல் கூடாது. கூவும் பயிற்சியாளர் சிறுவனுக்குப் பதிலாகத் தாமே சிந்திக்கிறார். போட்டி நாளில் சிந்திக்க வேண்டியவன் அச்சிறுவன் அன்றோ?

முடிவுரை

கோப்பை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பத்தாண்டு கழித்து அதை யார் வென்றார் என்றுகூட எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் திடலிலிருந்து விலக்கப்பட்டவன் அதை எளிதில் மறப்பதில்லை. ஆதலின் இளையோர் பயிற்சியாளரின் வெற்றியை அளக்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆண்டுத் தொடக்கத்தில் திடலுக்கு வந்த இருபத்து நால்வரில் ஆண்டு இறுதியிலும் எத்தனை பேர் மகிழ்ச்சியோடு வருகிறார்கள்? நாளை நாம் செல்லும் ஊர்களில் இக்கேள்விக்கு “இருபத்து நால்வரும்” என்று விடை சொல்லுமாறு கற்பிப்போமாக!