விற்பனை வண்டியின் பாட்டரியும் சங்கத்தின் பணமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செலவுச் சீட்டுகளைப் பார்வையிட்டபோது, நடமாடும் விற்பனை வண்டிக்கென இரண்டே ஆண்டுகளில் மூன்று பாட்டரிகள் வாங்கப்பட்டிருப்பதைக் கண்டேன். சீட்டுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் எழுதப்பட்டிருந்தது. முதற் சீட்டை முந்தைய ஆண்டில் நானே பார்த்து, கேள்வி ஏதும் எழுப்பாது விட்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டரி என்றால் போகத்தானே செய்யும் என்பது அன்று என் எண்ணம். மூன்றாவது சீட்டைக் கண்டபின்தான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, செயலாளரையும் ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு வண்டியண்டை சென்றேன். அங்கு கண்டவற்றை, வண்டி வைத்திருக்கும் மற்றச் சங்கங்களின் அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம். காய்கறி விற்கும் விவசாயிகள் சங்க வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய வண்டியில் இருவகைப் பாட்டரிகள் உண்டு. எஞ்சினைக் கிளப்புவதற்கான பாட்டரி ஒன்று. விளக்கு, விசிறி, பில் போடும் இயந்திரம் ஆகியவற்றுக்கான பாட்டரி மற்றொன்று. மேனாடுகளில் படுக்கையும் அடுப்பும் அமைத்து வீடுபோல் ஓட்டிச்செல்லும் மோட்டார் வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான். இரண்டாவதை அவர்கள் வீட்டு பாட்டரி என்றே அழைக்கின்றனர். இரண்டையும் பிரித்து வைப்பதன் நோக்கம், இரவு ஒன்பது மணி வரை விளக்கெரித்து வியாபாரம் செய்தாலும் எஞ்சின் கிளம்பாமல் சந்தையில் நின்றுவிடக்கூடாது என்பதே. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒரு ரிலே இரண்டையும் இணைத்து, ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை இரண்டாவதற்கும் செலுத்தும்.

முதலில் தேவையைக் கணக்கிட்டோம். 10 வாட் விளக்குகள் நான்கு, 25 வாட் விசிறிகள் இரண்டு, பில் இயந்திரம் முதலியவற்றுக்கு 30 வாட். ஆக 120 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இது 10 ஆம்பியர் இழுக்கும். ஆறு மணி நேர விற்பனைக்கு 60 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் நாள்தோறும் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று இதற்குப் போதாது. இரண்டு தாராளமாகப் போதும். அச்சங்கத்தார் இரண்டுதான் வைத்திருந்தனர். பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸ்ஸோடு மைனஸ்ஸும் சேர்த்துப் பக்க இணைப்பாகக் கட்டியிருந்தனர். இவ்வாறு கட்டினால் வோல்ட் 12 ஆகவே நிற்கும். கொள்ளளவு 200 ஆகும். ஒன்றன் பிளஸ்ஸை மற்றொன்றன் மைனஸ்ஸோடு தொடராகக் கட்டினால் 24 வோல்ட் ஆகிவிடும். 12 வோல்ட் விசிறியும் விளக்கும் கருகும். கணக்கும் சரி, கட்டும் சரி. பின் நஷ்டம் எங்கிருந்து வந்தது?

முதலிரு பாட்டரிகளுள் ஒன்று பழுதானபோது, சிக்கனம் கருதி அதை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைச் சேர்த்திருந்தனர். அங்குதான் தொடங்கிற்று. அடியில் குழாய் வைத்து இணைத்த இரு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கசிவிருந்தால் இரண்டும் வற்றும். பழைய பாட்டரியின் ஆறு செல்களுள் ஒன்று பலவீனமாயிருந்தாலும், வண்டி சும்மா நிற்கும் இரவெல்லாம் புதியதன் மின்சாரம் அதற்குள் ஓடி வீணாகும். சில மாதங்களில் விளக்கு மங்கிற்று. உடனே பழையதைக் கழற்றிவிட்டு இன்னொரு புதியதை வாங்கினர். ஆனால் அதற்குள் முதலில் வாங்கியதும் பாதி கெட்டிருந்தது. மூன்றாவதும் இவ்விதமே வந்தது. சிக்கனம் என்று செய்ததால் வலுவற்ற ஒன்றும் வலுவுள்ள ஒன்றுமாகவே எப்போதும் ஜோடி சேர்ந்தன. மாற்றுவதாயின் இரண்டையும் ஒருங்கே, ஒரே தயாரிப்பு, ஒரே வகை, ஒரே அளவு, கூடுமானவரை ஒரே மாதத்து முத்திரையுள்ளவையாக வாங்குவதே முறை. தீர்மானத்தில் செலவு பெரிதாகத் தோன்றும், தோன்றட்டும். இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுதும் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது பிழை கம்பியில் இருந்தது. விளக்குக்குச் செல்லும் பிளஸ், மைனஸ் இரண்டையும் அருகிலிருந்த ஒரே பாட்டரியிலிருந்து எடுத்திருந்தனர். அப்போது அருகிலுள்ளது அதிகம் உழைக்கும், தொலைவிலுள்ளது சோம்பியிருக்கும். பிளஸ்ஸை முதல் பாட்டரியிலிருந்தும் மைனஸ்ஸை இரண்டாவதிலிருந்தும் எடுத்தால் சுமை ஏறத்தாழச் சமமாகும். இதற்குக் காசு ஏதும் வேண்டியதில்லை. ஒரு ஸ்பானர் போதும்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பின்பெட்டிக்கு வந்த கம்பியோ 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 30 ஆம்பியர் ஓடினால் இக்கம்பியிலேயே 1.3 வோல்ட் இழப்பாகும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தந்தாலும் பாட்டரிக்கு எட்டுவது 12.9 தான். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.3 அளவில் நிற்கும். மெல்லிய கம்பியாலும், ஊருக்கு ஊர் அரைமணி ஓட்டத்தாலும் அந்தப் பாட்டரிகள் ஒருநாளும் நிறைந்ததேயில்லை. நிறையாத ஈயப் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து நாளடைவில் கெட்டியாகும்; பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதும் கரையாது. விற்ற கடைக்காரர் உத்தரவாதத்தின்கீழ் மாற்றித்தர மறுத்ததற்கும் காரணம் இதுவே. அவர்மீது செயலாளருக்கு மிகுந்த கோபம். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

ஆகவே வண்டி திரும்பியதும் சங்கக் கட்டடத்தில் மின்சாரச் சார்ஜரில் இரவு முழுதும் போடுவதென ஏற்பாடாயிற்று. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200-க்கு 20 ஆம்பியர், ஏற்ற அளவு. இழந்ததில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் ஏறிவிடும். கடைசிப் பகுதி மட்டும் மெதுவாகவே ஏறும். அதற்குள் எடுத்துவிடுவதே பலர் செய்யும் தவறு. தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்கு சார்ஜ் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவில் இருக்கலாம். நம் கோடையில் 40 டிகிரி வெப்பத்தில் அதை 14.0 அளவுக்குக் குறைக்க வேண்டும். வெப்பத்துக்கேற்பத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கிடைக்குமாயின் அதையே வாங்குக. நிறைந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லும்: மணிக்கொரு முறை பார்த்து, மூன்று முறையும் எண் மாறாதிருந்தால் நிறைந்தது எனக் கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் இல்லாதவர், சார்ஜரை நீக்கிச் சில மணி நேரம் கழித்து வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்கலாம். 12.7 முழு நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி; 11.8 என்றால் வற்றிவிட்டது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சங்கத்தில் மட்டம் குறைந்தபோதெல்லாம் காவலாளி ஆசிட் வாங்கி ஊற்றி வந்திருக்கிறார், நல்ல எண்ணத்தோடுதான். குறைவது தண்ணீரே, ஆசிட் குறைவதில்லை. காய்ச்சி வடித்த நீரை மட்டும், அதையும் சார்ஜ் முடிந்தபின் ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரியுமானால் மட்டும் முன்னதாகத் தகடு மூழ்குமளவு ஊற்றலாம். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா.

என்னை உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. பாட்டரிகள் இருந்த மூடிய பெட்டியின் மேலேயே சேலைக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. பெட்டிக்குக் காற்றுத் துளை இல்லை. பிளஸ் கம்பியில் ஃபியூஸும் இல்லை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடும். கம்பி தேய்ந்து வண்டியின் உடலில் பட்டால், ஃபியூஸ் இல்லாத பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டிக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சும். அங்கத்தினர்கள் மாதக்கணக்கில் நெய்த துணி அனைத்தும் அந்தப் பெட்டியின்மேல் இருந்தது. பெட்டிக்கு மேற்புறம் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை அமைத்து, ஒவ்வொரு பிளஸ் முனைக்கும் அருகிலேயே கம்பியின் தடிமனுக்கேற்ற ஃபியூஸ் வைத்தோம். கழற்றும்போது மைனஸ்ஸை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும். மோதிரம், காப்பு அணிந்த கையோடு ஸ்பானர் பிடித்தல் கூடாது.

லிதியம் பாட்டரி வாங்கலாமா என்று குழுவினர் கேட்டனர். எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம். ஆனால் பழைய ரிலே வழியாக நேரே இணைத்தால் அது ஆல்டர்னேட்டரிடமிருந்து அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடேற்றும். இடையே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சார்ஜர் வேண்டும்; சங்கத்திலுள்ள சார்ஜரும் அவ்வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். ஈயப் பாட்டரியோடு அதைச் சேர்த்துக் கட்டவே கூடாது. இச்செலவுகளையும் கூட்டிப் பார்த்துத் தீர்மானிக்குமாறு கூறினேன். அவர்கள் இம்முறை ஈயத்தையே தேர்ந்தனர்.

கழற்றிய பாட்டரிகள் மூன்றும் சங்கத்தின் தாழ்வாரத்தில் கிடந்தன. இருப்புப் புத்தகத்தில் அவை இல்லை. அவற்றின் ஈயத்துக்கு விலை உண்டு. மண்ணில் கசிந்தால் நஞ்சும் அதுவே. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழையவற்றைக் குப்பையோடு கொட்டுதலோ அனுமதியில்லாதவரிடம் கொடுத்தலோ கூடாது. புதியவற்றை வாங்கும்போதே விற்பனையாளரிடம் அவற்றை ஒப்படைத்து, கழித்த தொகைக்கு ரசீது பெற்று, வரவில் பதியச் செய்தேன்.