அடி அண்ணாமலையில் எத்தனை அடி?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. ஒரு எட்டுக்குச் சுமார் 70 செ.மீ. என்று வைத்து வகுத்துப் பாருங்க: 20,000 அடி. பெரிய கோயிலில் கிளம்பி, பாதி தாண்டி அடி அண்ணாமலையை எட்டும்போதே நம்ம போன் பத்தாயிரத்துக்கு மேல் எண்ணியிருக்கும்.

போன் எப்படி எண்ணுது? உள்ளே இருக்கும் முடுக்கமானி ஒவ்வொரு எட்டின் குலுக்கலையும் பதிவு செய்யுது. எந்த வழியில் நடந்தோம் என்பதை ஜி.பி.எஸ். சொல்லுது. லட்சம் பேருடைய பதிவை, பெயரை நீக்கிவிட்டு ஒன்றாக அடுக்கினால், ஊர் எங்கே நடக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தெரியும்.

2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு செய்தது இதைத்தான். 111 நாடுகள், 7 லட்சத்துக்கு மேற்பட்டோரின் போன் பதிவுகள். ஹாங்காங் சராசரி ஒரு நாளைக்கு 6,880 அடி, இந்தியா 4,297. இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. நடக்க வசதியான நகரங்களில் ஆண், பெண் இரு பாலரும் அதிகம் நடக்கிறார்கள். நடப்பதில் ஏற்றத்தாழ்வு கூடக் கூட, ஆண்களைவிடப் பெண்களின் நடைதான் அதிகம் குறைகிறது. அதாவது, பிரச்சினை சோம்பல் மட்டும் இல்லை, சாலையும்தான்.

'ஸ்ட்ராவா மெட்ரோ' 2014-இல் தொடங்கியது இதே யோசனையில்தான். ஓடுவோர், சைக்கிள் ஓட்டுவோர் பதிவுகளைத் தொகுத்து நகரத் திட்டமிடுவோருக்குத் தருகிறது.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. பௌர்ணமி இரவின் பதிவை மட்டும் பார்த்தால், அடி அண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் நடப்பது தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நடக்கும் அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளை? அவர்கள் கையில் ஆப் இல்லை. வரைபடத்தில் அந்த இடம் காலி. காலி என்றால் யாரும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால், விளக்கும் நடைபாதையும் ஏற்கெனவே பதிவானவர்களுக்கே போகும்.

அதனால் ஒரு சின்ன புராஜெக்ட். சாதாரண நாள் ஒன்றில் அடி அண்ணாமலையில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் நின்று, நடப்பவர்களைக் கையால் எண்ணுங்க. ஆண், பெண், குழந்தை, முதியவர் எனத் தனித்தனியாகக் குறியுங்க. அதில் எத்தனை பேர் போனில் அடி எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்க. இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் நம் தரவின் பிழை. அதைத் திருத்திய பிறகுதான் நடைபாதைக்குக் கோடு போடணும்.