கடையைத் தேடாதே, தெருவைத் தேடு

சனிக்கிழமை ராத்திரி எங்கேயாவது ஜாலியா சாப்பிடப் போகலாம்னு குரூப்ல ஒருத்தி மெசேஜ் போட்டா அடுத்து என்ன நடக்கும்னு அக்காவுக்குத் தெரியாதா? ஆளுக்கு ரெண்டு ரீல்ஸ் அனுப்புவீங்க. பாதிப் பேர் பார்க்காமலே ஹார்ட் போடுவாங்க. கடைசியில ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு கஃபே வாசல்ல பேரை எழுதிக் கொடுத்துட்டு, பசியில ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துக்கிட்டு நிப்பீங்க.

வேலை கிடைச்சு சென்னைக்குப் புதுசா வந்திருக்கிற தங்கச்சிக்கும் தம்பிக்கும் நான் முதல்ல சொல்றது, ஒரு கடையை மனசுல வெச்சுக்கிட்டுக் கிளம்பாதே. ஒரு தெருவை வெச்சுக்கிட்டுக் கிளம்பு. ஒரு கடை நிரம்பியிருந்தா நாலு எட்டு நடந்து அடுத்த கடைக்குப் போகலாம். கூட்டமும் கலகலப்பும் எந்த ஒரு கடைக்கும் சொந்தம் இல்ல, அந்தத் தெருவுக்குத்தான் சொந்தம்.

கையில காசு இருக்கிற மாசம்னா நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் ரோடு. நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டுப் போக ஆசை இருந்தா அதுதான் இடம். ஆனா சும்மா காபி குடிக்கப் போனாலும் பில் கொஞ்சம் உறைக்கும். பெசன்ட் நகர்ல அந்தப் பிரச்சினை இல்ல. பர்கர்ல இருந்து இட்லி வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல கிடைக்கும், சாப்பிட்டு முடிச்சுட்டு எலியட்ஸ் பீச் மணல்ல எவ்வளவு நேரம் உட்கார்ந்து அரட்டை அடிச்சாலும் "மேடம், டேபிள் வேணும்"னு யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அண்ணாநகர்ல ரெண்டாவது அவென்யூ பக்கம் போ, மெட்ரோவுல இறங்கி நடந்தே போயிடலாம். குரூப்ல ஒருத்தி சுத்த சைவம், ஒருத்தனுக்கு பிரியாணி இல்லாம முடியாது, இன்னொருத்தி டயட்டுன்னா அண்ணாநகர்லேயே இருக்கிற கோரா ஃபுட் ஸ்ட்ரீட் மாதிரி இடம் வசதி. பல கடை, பொதுவா உட்கார இடம், அவங்கவங்க வேணுங்கிறதை வாங்கிட்டு வந்து ஒண்ணா உட்கார வேண்டியதுதான்.

பேசுறதுக்குன்னே போற நாளும் உண்டு. அப்போ பாட்டு அலறுற இடம் வேண்டாம். ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டுல அமெதிஸ்ட் இருக்கு, மரமும் செடியுமா இருக்கிற தோட்டத்துல உட்காரலாம். அதே ஏரியாவுல ரைட்டர்ஸ் கஃபே, தீக்காயத்துல இருந்து மீண்டு வந்த பெண்களுக்கு வேலை கொடுக்கணும்னு ஆரம்பிச்ச இடம். புத்தகம் படிக்கிறவங்களை அங்கே கூட்டிட்டுப் போ.

ஆனா என்னைக் கேட்டா இந்த ஊர்லயே உண்மையான ட்ரெண்டி இடம் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல, பர்மா பஜார் பக்கம் இருக்கிற அத்தோ கடைகள்தான். பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. சாயங்காலம் போய் வண்டி முன்னாடி நின்னு பாரு: ஆரஞ்சு கலர் நூடுல்ஸை ஒரு கை அள்ளி, முட்டைகோஸ், வெங்காயம், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு, தட்டையை நொறுக்கித் தூவி, கையாலயே பிசைஞ்சு தட்டுல வைப்பாங்க. கூடவே ஒரு கிண்ணத்துல வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி, உள்ளே பொரிச்ச வெங்காயத்தை அடைச்சுத் தருவாங்க பாரு, அதைக் கடிச்சுச் சாப்பிடாதே, முழுசா வாயில போட்டுக்கோ. நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும், ஏசி கிடையாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். அப்படியே சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போனா காக்கடா ராம்பிரசாத் கடையில சூடான ஜிலேபி. வாரக் கடைசியில அந்தத் தெருவுல தோள் இடிக்காம நடக்க முடியாது. கலகலப்பு கேட்டியே, இதுதான்.

கலகலப்புன்னா ராத்திரிதான்னு யார் சொன்னது? ஞாயித்துக்கிழமை காலையில மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் போய்ப் பாரு. பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் காத்திருக்கிறதுல தாத்தாவும் இருப்பார், டிராக் பேண்ட் போட்ட பசங்களும் இருப்பாங்க. செலவும் கம்மி.

சரி, புதுசா ஒரு இடம் பேர் சொல்றாங்க, எப்படி நம்புறது?

கூகுள் மேப்ஸ்ல நட்சத்திரத்தைப் பார்க்காதே. திறந்த முதல் மாசம் சொந்தக்காரங்களே அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பாங்க. விமர்சனத்தைப் 'புதியவை' வரிசையில மாத்தி, கடைசி ஒரு மாசத்துல மூணு நட்சத்திரம் கொடுத்தவங்க எழுதினதைப் படி. கோபத்துல ஒண்ணு போடுறவங்களும் குஷியில அஞ்சு போடுறவங்களும் சொல்லாத விஷயத்தை மூணு போடுறவங்கதான் சொல்வாங்க. சாப்பிட வந்தவங்க எடுத்த போட்டோவுல மெனு கார்டைத் தேடு, அது எந்த மாசம் எடுத்ததுன்னும் பாரு. போன வருஷ விலையை நம்பிப் போய் முழிக்கக் கூடாது. எந்த நாள் எந்த நேரம் கூட்டம்னு கட்டம் கட்டமா ஒரு படம் அங்கேயே இருக்கும். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் உட்கார்ந்துடு. டேபிளும் கிடைக்கும், கூட்டம் வந்து நிறையறதையும் பார்க்கலாம்.

அடுத்து ரீல்ஸ். காசு வாங்கியோ ஓசியில சாப்பிட்டோ போடுற வீடியோவுல விளம்பரம்னு குறிப்பிடணும்னு 2021லேயே விளம்பரத் தர அமைப்பு நெறிமுறை கொண்டுவந்தாச்சு. எல்லாரும் அதை மதிக்கிறாங்கன்னு நினைச்சுக்காதே. "வேற லெவல்"னு முப்பது செகண்டுல மூணு தடவை வந்தா நானா இருந்தா தள்ளிவிட்டுடுவேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடு. கிச்சன் எத்தனை மணிக்கு மூடுவீங்கன்னு கேளு. கடை மூடுற நேரம் வேற, கடைசி ஆர்டர் வேற. ஆறு பேருக்கு ஒரே டேபிள் கிடைக்குமான்னு கேளு. பசங்க மட்டும் போனா உள்ளே விடுவாங்களான்னும் கேட்டுக்கோ, சில இடத்துல ஜோடின்னாதான் அனுமதி. அப்புறம், தமிழ்நாட்டுல மது வாங்க வயசு 21. ரோட்டோரக் கஃபேயில அது கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதே, பார் லைசென்ஸ் பொதுவா ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான்.

இப்போ பில். கூட்டத்துல யாருக்குச் சம்பளம் கம்மியோ, அவங்க பர்ஸுக்கு ஏத்த இடமா பாரு. "பரவாயில்ல, நான் பார்த்துக்கிறேன்"னு ஒருத்தர் ஒரு தடவை சொல்லலாம், ஒவ்வொரு தடவையும் சொல்ல முடியாது. சம்பளம் கம்மியான பொண்ணு அடுத்த தடவை "தலைவலி"ன்னு வராம நின்னுடுவா. சாதாரண ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், பில்லுல ரெண்டரை ரெண்டரையாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுற பெரிய ஹோட்டலுக்குள்ளே இருந்தா 18 சதவீதம். அதனால பஃபே விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருந்தா வரி தனின்னு அர்த்தம், கணக்குப் போட்டுட்டு உட்காரு.

சர்வீஸ் சார்ஜ் வேற கதை. அது கட்டாயம் இல்ல. கேட்காமலே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. "அண்ணா, இதை எடுத்துடுங்க"ன்னு மெதுவாச் சொல்லு. எடுக்க மாட்டேன்னா 1915க்குப் புகார் சொல்லலாம். ஆனா பரிமாறினவர் நல்லாப் பார்த்துக்கிட்டா அவர் கையில டிப்ஸ் கொடுத்துட்டு வா, கஞ்சத்தனம் பண்ணாதே. உட்கார்ந்ததும் "பாட்டில் வாட்டரா மேடம்?"னு கேட்பாங்க. ரெஸ்டாரன்ட்ல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017ல உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு, அதனால அப்புறம் சண்டை போட்டுப் பயன் இல்ல. சாதாரணத் தண்ணி போதும்னு முதல்லயே சொல்லிடு.

ஆப் ஆஃபர் வார நாளுக்கு மட்டுமா, எவ்வளவுக்கு மேல சாப்பிட்டா கிடைக்கும்னு படி. ஐந்நூறு ரூபாய் தள்ளுபடிக்காக ரெண்டாயிரத்துக்குச் சாப்பிடுறதை அம்மா பார்த்தா என்ன சொல்வாங்கன்னு உனக்கே தெரியும்.

வீட்டுக்கு எப்படித் திரும்புறதுன்னு ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. மெட்ரோ ராத்திரி பதினொரு மணியோட சரி. அதுக்கு மேல ஆட்டோ, கேப் ரேட் எகிறும். ஒரே பக்கம் போறவங்க சேர்ந்து ஒரு வண்டி பிடிங்க, கடைசியா இறங்குறவ குரூப்ல ஒரு வார்த்தை போடட்டும். போன்ல 'காவல் உதவி' ஆப் இல்லன்னா இப்பவே போட்டு வை.

பர்த்டேன்னா கேக்கை வெளியில இருந்து கொண்டு வரலாமான்னு முதல்ல கேளு, சில இடத்துல வெட்டித் தர தனி சார்ஜ் உண்டு. ஸ்னோ ஸ்ப்ரேயும் பேப்பர் வெடியும் வேண்டவே வேண்டாம். பக்கத்து டேபிள்காரங்க மட்டன் சுக்காவுல அது விழுந்தா, அந்தப் பில்லும் உன் தலையிலதான்.