பெட், பந்தயம், பணயம்: ஒரு சொல்லாய்வு

"பெட் பிடிப்போமா?" என்று ஒரு தடவையாவது கேட்காத மாணவி நம் வகுப்பறைகளில் அரிது. மூன்றே எழுத்துள்ள இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கச் சொன்னால், நம்மில் பலர் உடனே "பந்தயம்" என்று எழுதிவிடுகிறோம். அது எல்லா இடத்திலும் பொருந்துமா? உயர்தர வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கும் நான், இச்சொல்லையும் அதன் ஒத்த சொற்களையும் சற்று ஆராய்ந்தேன். அதைத் தங்கையரோடு பகிர விரும்புகிறேன்.

முதலில், பணமே சம்பந்தப்படாத இடங்கள். "ஐ பெட் ஷீ இஸ் ஸ்லீப்பிங்" என்பதை, "அவள் தூங்குகிறாள் என்று பந்தயம் கட்டுகிறேன்" என எழுதினால் தமிழ் நொண்டும். "அவள் நிச்சயம் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள்" என்பதே சரி. "யூ பெட்" என்றால் "சந்தேகமே இல்லை". "பெஸ்ட் பெட்" என்றால் "இருப்பவற்றுள் நல்ல வழி". இங்கெல்லாம் உறுதியே பொருள்.

இனி, பந்தயம். இதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டியில் நாம் ஓடுவது ஓட்டப்பந்தயம். அதில் யாரும் எதையும் இழப்பதில்லை. ஓடுபவரைப் பார்த்துக்கொண்டு, வெல்பவர் யார் என்று இருவர் காசு வைத்தால் அதுவும் பந்தயமே. ஆங்கிலம் முன்னதை "ரேஸ்" என்றும் பின்னதை "பெட்" என்றும் பிரிக்கிறது. தமிழில் வினைச்சொல் அந்த வேலையைச் செய்கிறது: பந்தயத்தில் ஓடுதல் வேறு, பந்தயம் பிடித்தல் வேறு.

மூன்றாவது, சூது. பிறர் ஆடும் ஆட்டத்தின் முடிவைச் சொல்லிக் காசு வைப்பது பந்தயம். தானே காசு வைத்து ஆடுவது சூதாட்டம். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க வரிச் சட்டமும் தன் பெயரிலேயே இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. "சூதுவாது தெரியாதவள்" என்கிறோமே, அங்கே சூது என்பது வஞ்சகம். ஆட்டத்தின் பெயரே வஞ்சகத்துக்கும் பெயராகிவிட்டது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் "சூது". அதில் "கழகம்" என்ற சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. இன்று அதே சொல் பல்கலைக்கழகத்தில் வந்து நிற்கிறது!

நான்காவது சொல்லே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது: பணயம். தோற்றால் கொடுக்கவென்று முன்னே வைக்கும் பொருள் அது. ஆங்கிலத்தில் "ஸ்டேக்" என்பர். பணயத்துக்கு ஈடு, அடகு என்ற பொருளும் உண்டு. பந்தயத்தைக் குறிக்கும் "வேஜர்" என்ற ஆங்கிலச் சொல், அடகைக் குறித்த "கேஜ்" என்ற பழஞ்சொல்லின் உறவு. அரபு மொழியில் "ரஹ்ன்" என்றால் அடகு. அதே வேரிலிருந்து வரும் "ரிஹான்" பந்தயத்தையும் குறிக்கும். ஒன்றுக்கொன்று தூரமான மூன்று மொழிகள், பந்தயத்தின் பக்கத்தில் அடகையே கண்டிருக்கின்றன.

திருக்குர்ஆன் சூதாட்டத்தைத் தடுக்கும் இடத்தில் (அல்-மாயிதா, 90) வரும் சொல் "மைஸிர்". "இலகு" எனப் பொருள்படும் "யுஸ்ர்" என்ற சொல்லின் வேரே இதற்கும் வேர். உழைப்பின்றி இலகுவாக வரும் பொருள் என்பதால் இப்பெயர் வந்தது என்று விரிவுரையாளர் சிலர் விளக்குவர். ஒருவருக்கு இலகுவாக வருவது, இன்னொருவரின் வீட்டிலிருந்து போனது என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாரதியாரின் "பாஞ்சாலி சபதம்" பேசுவதும் இதையே. தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். ஆடியவன் அவன், பணயமானவள் அவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இன்று தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்தபடியே பணம் வைக்க முடிகிறது. தாயத்தை உருட்டச் சபை தேவையில்லை. விரல் ஒன்று போதும். ஆனால் அடகுக் கடைக்குப் போவது உம்மாவின் காப்பாகவோ, தங்கையின் வகுப்புக் கட்டணமாகவோ இருக்கலாம். அவர்களையும் யாரும் கேட்பதில்லை.

ஆகவே தங்கையரே, மொழிபெயர்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உறுதியை மட்டும் சொல்கிறதா? "நிச்சயம்" என்று எழுதுங்கள். பிறர் ஆட்டத்தின் முடிவில் காசு வைக்கிறார்களா? "பந்தயம் பிடித்தல்". தாமே காசு வைத்து ஆடுகிறார்களா? "சூது". இவற்றோடு, வீட்டில் யாராவது "சும்மா ஒரு பெட்" என்று சொன்னால் நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: பணயம் யாருடையது?